மறைவான தர்மமும் மறைக்கப்பட்ட நன்கொடையும்

 

வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாதவாறு தர்மம் செய்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்று மத்ரஸாவில் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதைச் சுட்டிக்காட்டி, "கட்சிக்குக் கொடுப்பவர் பெயரை மட்டும் ஏன் வெளியிட வேண்டும்?" என்று நம்மவருள் சிலர் கேட்கின்றனர். தர்மத்தையும் பேரத்தையும் ஒன்றாகக் கருதியதால் பிறந்த கேள்வி இது.

அல்பகரா அத்தியாயத்தின் 271 ஆம் வசனம் மறைவாகக் கொடுப்பதைச் சிறப்பிக்கும்போது, ஏழைகளுக்குக் கொடுப்பதையே குறிப்பிடுகிறது. அம்மறைவு பெறுபவரின் மானத்தைக் காக்கிறது. கொடுப்பவரை முகஸ்துதியிலிருந்து காக்கிறது. ஆட்சியில் இருப்பவருக்கோ நாளை ஆட்சிக்கு வரக்கூடியவருக்கோ கோடிகளைக் கொடுப்பவர் எந்த ஏழையின் மானத்தைக் காக்கிறார்? அதே அத்தியாயத்தின் 188 ஆம் வசனம், பிறர் பொருளை முறையின்றி உண்பதற்காக அதிகாரம் உடையோரிடம் பொருளைக் கொண்டு செல்வதைத் தடுக்கிறது. 282 ஆம் வசனமோ, கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சொல்கிறது.

நம் நாட்டில் நடந்தது என்ன? 2017 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாகத் தேர்தல் பத்திரங்களுக்கு வழி திறக்கப்பட்டது. 2018 ஜனவரியில் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்டது. பத்திரம் வாங்கியவர் யார் என்பது அரசு வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பும் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாததாக்கினர். வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை இது மீறுகிறது என்றனர்.

திரை விலகியபோது கண்டது என்ன? பட்டியலில் முதலிடம் ஒரு லாட்டரி நிறுவனத்திற்கு. அது வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்திற்குச் சென்றதாக அக்கட்சியே தெரிவித்தது. பத்திரங்களால் மிக அதிகமாகப் பெற்றதோ 6,000 கோடிக்கு மேல் பெற்ற பாரதிய ஜனதா கட்சி. 2003 முதல் தமிழகத்தில் லாட்டரிக்குத் தடை உண்டு. சூதாட்டம் மார்க்கத்தில் ஹராம். அப்பணம் நாம் வாக்களித்த கட்சிக்குச் சென்றதை ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். ஆகவே இது ஒரு கட்சிக்கு எதிரான பேச்சன்று.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளை மட்டும் கட்சிகள் பெயருடன் தெரிவித்தால் போதும் என்ற விதி இன்றும் உள்ளது. பெருந்தொகையைச் சிறு துண்டுகளாக்க நினைப்பவருக்கு அது திறந்த வாசல். மேலும், அவ்வறிக்கை ஆண்டுக்கு ஒருமுறையே வருகிறது. 2024 ஏப்ரலில் வாக்களித்தவர், மார்ச்சில் யார் கொடுத்தார் என்பதை எவ்வாறு அறிவார்? வாக்களித்த பின் கிடைக்கும் கணக்கால் வாக்காளருக்கு என்ன பயன்? எல்லா நன்கொடையும் பெயருடன், வாக்குப்பதிவிற்கு முன் வெளிவர வேண்டும். பழிவாங்கலுக்கு அஞ்சிக் கொடுப்பவர் பெயரை மறைக்கிறோம் என்பர். பழிவாங்குபவரைத் தடுப்பதை விட்டு, கோடிக்கணக்கான வாக்காளரின் கண்ணைக் கட்டுவது நீதியாகுமா?

இப்னுல் லுத்பிய்யா என்பவர் ஸகாத் வசூலித்துத் திரும்பி, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கினார். தாய் தந்தை வீட்டில் அமர்ந்திருந்தால் அவருக்கு அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

ஆனால் முதலில் நம் வாசலைப் பெருக்குவோம். தேர்தல் நெருங்கும்போது பள்ளிவாசலுக்கு வேட்பாளர் தரும் மின்விசிறியும் சுண்ணாம்புச் செலவும் ஜமாஅத்தின் அறிவிப்புப் பலகையில் ஏறுகின்றனவா? ஏழை தந்த ஐம்பது ரூபாய்க்கு ரசீது கொடுக்கும் நாம், வேட்பாளர் தந்ததைப் பேசாமல் பெற்றுக்கொண்டால், பிறரிடம் கணக்குக் கேட்கும் தகுதியை இழக்கிறோம்.

வெளிப்படையாகப் பெறவும், பிறரிடம் துணிவுடன் கணக்குக் கேட்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.