இருக்கும் நாடாவும் இல்லாத இயந்திரமும்

சம்பூர் மக்கள் 2006-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினார்கள். 2015-இல் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய செய்திகளை மீண்டும் பார்க்க விரும்பினேன். நான் பணியாற்றிய பத்திரிகையில் ஒவ்வோர் இரவும் கணினிக் கோப்புகளை டி.டி.எஸ். நாடாவில் பிரதி எடுத்து வைப்பது வழக்கம். பேழைகள் திகதியிட்டு அலுமாரியில் ஒழுங்காகவே இருந்தன. அவற்றை வாசிக்கும் இயந்திரம்தான் பழுதாகிக் கிடந்தது. பழைய இயந்திரமொன்றைத் தேடி வாங்கினோம். அது அந்த நாடாக்களை ஏற்க மறுத்துவிட்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. டி.டி.எஸ். வகையில், சுழலும் உருளையிலுள்ள தலைகள் நாடாவின் குறுக்கே சாய்வாக எழுதுகின்றன. தலை சற்று விலகினால், தான் எழுதியதைத் தானே வாசிக்கும். வேறோர் இயந்திரம் வாசிக்காது. டி.எல்.டி. வகையில் தலை சுழல்வதில்லை. நாடா அதைக் கடந்து நேராக ஓடுகிறது. ஆகவே தேய்மானம் குறைவு. 2000-இல் வந்த எல்.டி.ஓ. வகையும் நேராகவே எழுதுகிறது. எழுதியதை உடனுக்குடன் வாசித்துச் சரிபார்க்கவும் செய்கிறது. உறுதியில் என் வாக்கு இதற்கே.

ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஏழாம் தலைமுறை வரை எல்.டி.ஓ. இயந்திரங்கள் தமக்கு முந்திய இரண்டு தலைமுறை நாடாக்களை வாசித்தன. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை ஒன்றை மட்டுமே வாசிக்கும். நாடா முப்பது ஆண்டு வாழும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இயந்திரம் அவ்வளவு காலம் வாழுமா?

நாடாவே பழங்கதை என்போருக்கு இரண்டு செய்திகள். 2011 பெப்ரவரியில் மென்பொருட் கோளாறினால் ஜிமெயில் பயனர் பலரின் அஞ்சல்கள் மறைந்தன. வெவ்வேறு நிலையங்களிலிருந்த பிரதிகளும் அழிந்தபோது, இணைப்பின்றி வைத்திருந்த நாடாக்களே அவற்றை மீட்டன. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினி கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இரையானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அக்காலத்துக்குக் காப்புப்பிரதியே இருக்கவில்லை.

காணி உறுதிகளை யுத்தத்தில் தொலைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு அலுவலகப் பதிவேட்டிலுள்ள பிரதிதான் கடைசி நம்பிக்கை. அப்பதிவேடுகள் கணினிக்குச் செல்லும் காலம் இது. எந்த நாடா வாங்கினீர்கள் என்று மட்டும் அதிகாரிகளைக் கேட்டுப் பயனில்லை. கடைசியாக அதை எப்போது, வேறோர் இயந்திரத்தில், வாசித்துப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். மற்றொரு பிரதி வேறோர் ஊரில் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

வாசித்துப் பார்க்காத பிரதி பிரதியாகாது. எங்கள் அலுமாரி எனக்குக் கற்பித்தது அதுவே.