வாறுகால் எங்கே போய் முடிகிறது?

தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் திருநெல்வேலி மாநகரைத்தான் கைகாட்டுகிறோம். தவறில்லை. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு நிலைமை போனது. ஆனால் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஆற்றையும் கால்வாய்களையும் ஒட்டி வாழும் ஊராட்சிகளின் கழிவுநீர் பற்றிய பேச்சு அரிது. அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. இருப்பவை வாறுகாலும் செப்டிக் டேங்கும். இரண்டிலும் சாதி இருக்கிறது.

முதலில் வாறுகால். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 1,000 பேர் வாழும் ஊரில் தினமும் 44,000 லிட்டர். அது பள்ளம் பார்த்துத்தான் ஓடும். பல ஊர்களில் அந்தப் பள்ளத்தில்தான் காலனி இருக்கிறது. மேட்டுத் தெருவின் சோப்புத் தண்ணீர் தலித் வீட்டு வாசலில் தேங்கினால், அதை வெறும் வடிகால் கோளாறு என்று கடந்துபோக முடியாது. யாருக்கு மேடு, யாருக்குப் பள்ளம் என்று சாதி பிரித்த நிலம் அது.

அடுத்தது செப்டிக் டேங்க். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தது இரட்டைக்குழிக் கழிப்பறையை. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டுகளில் நாற்றமில்லாத உரமாகிவிடும். செலவும் குறைவு. ஆனாலும் வசதியுள்ளவர்கள் ஆளுயர டேங்க் கட்டுகிறார்கள். ஏன்? உரமே ஆனாலும் தன் வீட்டுக் குழியில் தான் கைவைப்பதைத் தீட்டாக நினைக்கும் மனம்தான். டேங்க் நிறைந்தால் கூப்பிட ஒரு சாதி இருக்கிறதே! லாரி உறிஞ்சிய பிறகும் அடியில் இறுகிக் கிடக்கும் கசடை எடுக்க, லாரி நுழையாத சந்தில் வாளியோடு இறங்க, அழைக்கப்படுபவர் பெரும்பாலும் அருந்ததியர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயிரிழப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. செத்த பிறகு வரும் பணம் அது. சாகாமல் இருக்க என்ன வழி?

வழி இருக்கிறது. நிலத்தடி நீர் ஆழமாக உள்ள இடங்களில் இரட்டைக்குழி போதும். குளியல், சமையல் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி. வயலும் கால்வாயும் சூழ்ந்து, கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் ஆற்றோர ஊர்களுக்கு இது பொருந்தாது, கிணறு கெடும். அங்கே இயந்திரத்தால் உறிஞ்சி, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கருங்குழி என்ற சிறிய பேரூராட்சியில் 2017இலேயே கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. பல ஊராட்சிகள் சேர்ந்தால் தாமிரபரணிக் கரையிலும் இது நடக்கும். இல்லையென்றால் லாரி இரவோடு இரவாக ஓடையிலும் குளத்திலும்தான் கொட்டும்.

நிலையம் வந்தால் மட்டும் போதாது. அதைக் காலனிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, அதே சாதி ஆட்களை ஒப்பந்தக் கூலிக்கு வைத்தால், மாறியது கருவி மட்டுமே. இடத்தேர்வில் காலனி மக்களின் ஒப்புதல் வேண்டும். வேலை நிரந்தர ஊதியத்தோடு, எல்லாச் சாதியினரும் வரும் தொழில்நுட்பப் பணியாக வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. இளைஞர்கள் போய் உட்காருங்கள். மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மான ஏட்டில் எழுத வையுங்கள்: நம் ஊர் வாறுகால் எங்கே போய் முடிகிறது? நம் ஊர் டேங்குகளைச் சுத்தம் செய்வது யார்? அந்த லாரி எங்கே கொட்டுகிறது?

கூலி உயர்வு கேட்டுப் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் 17 உயிர்கள் போன 1999 ஜூலை 23ஐ நாம் இந்த ஆற்றங்கரையில்தான் நினைவுகூர்கிறோம். அதே ஆற்றங்கரை ஊர்களில் ஒருவர்கூட மலக்குழிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் சாதி ஒழிப்பு வேலைதான்.