கோடி வீடு போகுது, குமாஸ்தா வீடு?

"வீடு விற்பனை அமோகம்" என்கிறார்கள். எந்த வீடு என்று கேளுங்க! 2020-க்குப் பிறகு பெரிய நகரங்களில் சக்கைப்போடு போட்டது கோடி ரூபாய் வீடுகள்தான். 50 லட்சத்துக்கு உட்பட்டவை படுத்துவிட்டன. வாங்க ஆசை இல்லாமலா? மனை விலை ஏறிப்போச்சு. சிறிய வீட்டில் லாபம் கம்மி என்று கட்டுகிறவர்களே ஒதுங்கிவிட்டார்கள்.

போதாததற்கு ஜி.எஸ்.டி. 2019 ஏப்ரலில் ஒரு கோடு கிழித்தார்கள். கட்டி முடியும் முன் வாங்கினால், சென்னையில் 60 சதுர மீட்டருக்குள், 45 லட்சம் வரை 'மலிவு வீடு'. வரி 1 சதவீதம். தாண்டினால் 5. அதாவது, 45 லட்சத்துக்கு வரி 45 ஆயிரம். 46 லட்சத்துக்கு 2 லட்சத்து 30 ஆயிரம்! விலை ஏறிய வருஷங்களில் அந்த 45-ஐயும் ஏற்றியிருக்க வேண்டாமா? செங்கல்பட்டு ரயிலில் தொங்கும் குமாஸ்தா இன்னும் எத்தனை ஸ்டேஷன் தள்ளிப் போவார்?