பழைய ராலேவுக்குப் பேரீச்சம்பழமா?

நாம டெல்லி, புனேன்னு கிடக்கோம். ஊர்ல வீடு காலி பண்ற சித்தப்பா, தாத்தாவோட ராலே சைக்கிளை எடைக்குப் போட்டுட்டு அப்புறம்தான் போன்ல சொல்றார்! கிலோ விலை இரும்புக்குங்க, சைக்கிளுக்கில்ல.

பின்சக்கர ஹப்பைத் துடைக்கச் சொல்லுங்க. ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியர் ஹப்னா வருஷம் பொறிச்சிருக்கும், 58னா 1958. (சக்கரம் மாத்தாம இருந்தா!) பேட்ஜுல நாட்டிங்காமா, அசன்சோல் சென்-ராலேயா? ஃபிரேம்ல ரெனால்ட்ஸ் 531 ஒட்டு இருந்தா அது பால்கார வண்டி இல்ல, லேசான உசத்தி ரகம்.

'பெயிண்ட் அடிச்சா விலை ஏறும்'னு சொல்ற மச்சானை வாசல்லயே நிறுத்துங்க. சுரண்டின ஒரிஜினல் பெயிண்ட் திரும்பாது.

அதுக்காக நெட்ல எவனோ அம்பதாயிரம் கேக்கறான்னு குதிக்காதீங்க. கேக்கற விலை வேற, வித்த விலை வேற. நகைக்கடனுக்கு நீங்க சொல்ற விலையையா நாங்க எழுதுறோம்?