ஒரு வெற்றியும் ஒரு பருவமும்

கார்ப் பந்தயம் என்றதும், வட்டமான பாதையில் கார்கள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் காட்சியே நம்மில் பலருக்குக் கண்முன் தோன்றும். கார் ராலி அத்தகையதன்று. காட்டுப் பாதையிலும் மலைச் சாலையிலும் கார்கள் சிறிது நேர இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. எதிரில் போட்டியாளர் எவரும் தென்படுவதில்லை, கடிகாரத்தோடுதான் போட்டி. ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை ஓட்டுநர், அடுத்த வளைவு எத்தகையது என்பதைக் குறிப்பேட்டிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே வருவார். அவர் சொல்லை நம்பி, இன்னும் கண்ணில் படாத வளைவை நோக்கி ஓட்டுநர் காரைச் செலுத்துவார். ஆண்டு முழுவதும் இவ்வாறு பல ராலிகள் நடைபெறும். ஒவ்வொன்றிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, ஆண்டின் முடிவில் பட்டம் வழங்குவர். இந்த ஓராண்டுத் தொடரையே ஒரு பருவம் என்கிறோம்.

இத்தகைய பருவம் ஒன்றை நம் மாணவியரும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறோம். அது 1986ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த தேசிய ராலிப் போட்டித் தொடர். அதில் பெஜோ 205 டர்போ 16 என்னும் காரை ஓட்டி, 6 ராலிகளில் முதலிடம் பெற்றுப் பட்டம் வென்றவர் மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பெரிய ராலிப் பட்டம் ஒன்றை வென்ற முதல் பெண் என்ற பெயர் அவருக்கு அன்று கிடைத்தது.

அக்காலத்து ராலிகளில் பெண்களுக்கெனத் தனியாக மகளிர் பரிசு ஒன்று வைத்திருந்தனர். தொடக்க ஆண்டுகளில் மூட்டோனும் அத்தகைய பரிசுகளைப் பெற்றவரே. ஆயினும் பாதை பெண்ணுக்கென்று குறுகுவதில்லை. கடிகாரம் பெண்ணுக்கென்று மெதுவாக ஓடுவதில்லை. அவர் 1981இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில், ஃபப்ரீட்சியா போன்ஸ் என்ற பெண்மணியைத் துணை ஓட்டுநராகக் கொண்டு, ஆண்கள் அனைவரையும் வென்றார். உலகப் போட்டித் தொடரைச் சேர்ந்த ஒரு ராலியில் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை.

ஒரு வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். கார் நல்ல கார், அன்று மற்றவர்களின் கார்கள் பழுதாயின என்றெல்லாம் காரணம் காட்டலாம். ஒரு பருவம் முழுவதும் வென்றவரை அப்படிச் சொல்ல இயலாது. மழையிலும் வெயிலிலும், பழகிய பாதையிலும் பழகாத பாதையிலும், மனம் நன்றாக இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் தொடர்ந்து ஓட்டியாக வேண்டும். ஆகவேதான் ஒரு நாள் வெற்றியைக் காட்டிலும் 1986இன் பட்டத்தைப் பெரிதாக மதிக்கிறோம்.

அதே நியதி அவருக்கு எதிராகவும் நின்றதுண்டு. 1982இல் உலகப் பட்டத்துக்கான போட்டியில் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய மூன்று நாடுகளின் ராலிகளில் அவர் வென்றார். அவ்வாண்டு பட்டம் பெற்ற ஜெர்மானியர் வால்ட்டர் ரோர்ல் வென்றவை இரண்டே. ஆனால் ரோர்ல் மற்ற ராலிகளிலும் தவறாமல் புள்ளிகள் சேர்த்தார். முடிவில் ரோர்லுக்கு 109, மூட்டோனுக்கு 97. பட்டத்தை நிர்ணயித்த ஐவரி கோஸ்ட் ராலி தொடங்குவதற்குச் சற்று முன் மூட்டோனுக்குத் தம் தந்தை இறந்த செய்தி வந்தது. அந்தத் துயரோடும் அவர் காரை ஓட்டினார். ஆனால் ராலியை முடிக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் பட்டம் வென்றவர், இவ்வாறு ஒரு பருவத்தை இழந்து பார்த்தவர் என்பதை மறக்கலாகாது.

அந்தத் தந்தையைப் பற்றியும் ஒரு சொல். மகள் முதலில் பிறர் ஓட்டிய காரில் துணை ஓட்டுநராக அமர்ந்தே ராலிக்குச் சென்றாள். தந்தையோ, நீயே ஓட்டிப் பார் என்று ஒரு கார் வாங்கித் தந்தார். திறமையைக் காட்ட ஓராண்டு தவணையும் கொடுத்தார். பணத்தைக் காட்டிலும் பெரிய கொடை அந்த ஓராண்டு என்பது நம் எண்ணம்.

இவ்வளவு ஆபத்தான விளையாட்டு பெண்ணுக்கு எதற்கு என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதே 1986ஆம் ஆண்டு மே மாதம் கோர்சிகா தீவில் நடந்த ராலியில் ஹென்ரி டொய்வோனன் என்ற சிறந்த ஓட்டுநரும், அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் கார் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியதால் உயிரிழந்தனர். மூட்டோன் கலந்துகொண்ட ராலிதான் அது. அதன்பின் அளவுக்கு மீறிய வேகம் கொண்ட அவ்வகைக் கார்களை உலகப் போட்டிகளிலிருந்து அடுத்த ஆண்டு முதல் விலக்கினர். ஆபத்து வந்தபோது காரைத்தான் விலக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விதியாக விலக்கினார்கள். பெண்ணைப் பற்றிய நம் அச்சங்களுக்கும் இதுவே சரியான வழி. சாலை பழுதென்றால் சாலையைச் செப்பனிட வேண்டும். மகளை வீட்டில் இருத்துவது மருந்தாகாது. மூட்டோன் பட்டம் வென்ற அந்த ஆண்டோடு ராலியிலிருந்து தாமாகவே ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு பெண்களுக்காக ஏற்படுத்திய குழுவுக்கு முதல் தலைவியாகவும் விளங்கினார்.

இதை நம் இல்லங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மகன் ஒரு தேர்வில் தவறினால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். மகள் தவறினால், உனக்கு இது வராது, விட்டுவிடு என்கிறோம். ஒருவருக்கு ஒரு பருவம். மற்றவருக்கு ஒரே ஓட்டம். இருவரையும் இவ்வாறு அளந்தபின், பெண்கள் முன்னுக்கு வரவில்லையே என்று வியப்பது முறையாகாது.

பெற்றோரே, உங்கள் மகள் விரும்பிக் கற்க முனைவது கணிதமோ, இசையோ, ஓட்டப் பந்தயமோ, தையலோ எதுவாயினும், அதற்கு ஓராண்டு கொடுங்கள். நடுவில் வரும் ஒரு தோல்வியைக் கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். மாணவியரே, அந்த ஓராண்டு கிடைத்தால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். தோற்ற நாளுக்கு மறுநாளும் பயிற்சிக்குச் செல்லுங்கள். ஆண்டு முடிவில் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்போம்.