விக்கிய வண்டி

சென்ற மாதம் திருக்கேதீச்சரம் நோக்கிப் புறப்பட்ட எமது பழைய மொறிஸ் மைனர், கட்டுக்கரைக் குளத்தை அண்மித்ததும் விக்கத் தொடங்கிற்று. ‘மிஸ் அடிக்கிறது’ என்பர் மோட்டார்த் தொழிலாளர். நான்கு சிலிண்டர்களும் முறைவைத்து வெடிக்க வேண்டியிருக்க, சில வெடிகள் தவறிப்போதலே அதன் பொருள். நடுப்பகல் வெயில், பின்னாசனத்திலே எண்பதைக் கடந்த எமது தாயார்.

இது புதிய நோயன்று. இரு கிழமைகளுக்கு முன்னர் பிளக்கு, பொயின்ற், கண்டென்சர் யாவற்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றியிருந்தோம். அதன் பின்னரே வண்டி சூடேறியதும் விக்கலாயிற்று. காட்டிய இடத்தில், “வால்வு எரிந்துவிட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்” என்றனர். அவர்கள் சொன்ன தொகை, மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கென நாம் ஒதுக்கியிருந்த பணத்தின் பெரும் பங்கு. பயணம் முடியட்டும் என்று ஒத்திவைத்திருந்தோம்.

வயலிலிருந்து உழவு இயந்திரத்தில் வந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு நிறுத்தினார். 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் அரிதாயிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவராம். இளைய வாசகர் இதனைக் கதையென நினைத்தல் கூடும். சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அது எளிதில் ஆவியாகாது. அரைகுறையாய் எரிந்து பிளக்குகளிற் கரி படியும். வழியில் இறங்கிப் பிளக்குத் துடைப்பது அன்றாட வேலை. அதனால் பிளக்கின் முகத்தைப் பார்த்தே எஞ்சினின் நலம் சொல்லப் பலர் பழகினர்: இளங்கபிலம் நலம், உலர்ந்த கரி எரிபொருள் மிகுதி, எண்ணெய்ப் பசை தேய்மானம், வெளுப்பு மிகைச் சூடு.

“ஒரு நேரத்தில ஒண்டைத்தான் பாக்க வேணும், சேர்” என்றார் அவர். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, உறையிட்ட குறட்டினால் பிளக்கு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் மாட்டினார். (வெறுங்கையால் இதனைச் செய்யலாகாது; அந்த வயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ற்று.) வேலை செய்யாத சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமிராது. இங்கோ எதனைக் கழற்றினும் வேகம் ஒரேயளவு தளர்ந்தது. எரிந்த வால்வு தன் சிலிண்டரையே கெடுக்கும். நான்கையும் சமமாகக் கெடுக்காது. ஆகவே குற்றம் நான்குக்கும் பொதுவான ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்.

பொதுவானவை பெற்றோலும் மின்பொறியும். பெற்றோல் குறைந்தால் வண்டி மூச்சு வாங்கிப் படிப்படியாய்ச் சோரும். மின் குறையோ சுவிச்சைப் போட்டெடுத்தாற் போலத் திடீரென வெட்டும். எமது வண்டி வெட்டியது. டிஸ்றிபியூட்டரின் மூடியை எடுத்து, எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். பொனற்றின் நிழலில், பொயின்றுகளுக்கிடையே தடித்த நீலப்பொறி பறந்தது.

அங்கே பறக்கவேண்டியதன்று அது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது பொயின்றுகள் 6,000 தரம் திறக்கும். ஒவ்வொரு தரமும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அதனைத் தன்னுள் வாங்கித் தடுப்பது கண்டென்சர். தடுத்தாற்றான் கொயிலின் காந்தப்புலம் சட்டென வீழ்ந்து, பிளக்குக்கு வேண்டிய உயரழுத்தம் பிறக்கும். (கொயில் என்பது மின்சுருள். கோயிலோடு அதற்கு உறவில்லையென்று எமது மாணவன் ஒருவனுக்கு விளக்க நேர்ந்ததுண்டு.) கண்டென்சரின் உட்காப்பு பழுதாயின், குளிரில் ஒழுங்காயிருந்து சூட்டில் கைவிடும். வால்வைச் சந்தேகித்தவர் வண்டியின் ஓட்டத்தைக் கேட்டது காலைக் குளிரில்.

புதியது பழுதாயிராது என்ற எண்ணமே எம்மை மயக்கிற்று; மூன்றையும் ஒருங்கே மாற்றியதால் எது குற்றவாளியென்று அறியும் வழியையும் நாமே அடைத்துக்கொண்டோம். பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு இது சற்று வெட்கமே.

நல்லவேளை, கழற்றிய பழைய கண்டென்சர் கருவிப் பெட்டியில் கிடந்தது. பத்து நிமிடத்தில் அதனைப் பூட்டினார். விக்கல் நின்றது. பணம் வாங்க மறுத்தவர், புதியதைக் குளத்தில் வீசக் கையோங்கினார். வகுப்பிலே காட்டவென்று கேட்டு வாங்கிக்கொண்டோம்.