பின்னிருக்கைக்கும் ஒரு தலைக்கவசம்

நம் மருத்துவமனைக்கு வருவோரில் பலர் இருசக்கர வாகனத்தில் வருகின்றனர். மகன் ஓட்ட, தாய் பின்னால் ஒருபுறமாக அமர்ந்து, மடியில் சாப்பாட்டுக் கூடையைப் பற்றியிருப்பார். மகனின் தலையில் கவசம் உண்டு. தாயின் தலையில் இல்லை.

1843-இல், மாட்டு வண்டிகளின் காலத்தில், தாமிரபரணிக்குக் குறுக்கே எழுந்தது சுலோச்சன முதலியார் பாலம். இன்று அங்கே பேருந்துகளின் இடைவெளியில் நுழைந்து விரைகிறோம். பார்வை நேரம் முடிந்துவிடுமோ என்ற பதற்றம் புரிகிறது. ஆனால் பேருந்தின் பக்கவாட்டில் செல்லும் வண்டி, பல நேரங்களில் அதன் ஓட்டுநரின் கண்ணுக்குப் படுவதில்லை. வண்டி சற்றுத் தடுமாறினாலும், கூடையைப் பிடித்திருக்கும் தாய்க்கு வேறு பிடிமானம் இல்லை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட பின்னிருக்கைப் பயணியும் தலைக்கவசம் அணிய வேண்டும். தலைக்கவசம் தலைக்காய வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடு குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பல்லாயிரம் ரூபாய்க்கு வண்டி வாங்கும் நாம், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள இரண்டாவது கவசத்துக்குக் கணக்குப் பார்ப்பது முறையன்று. தலையிலோ கழுத்திலோ சிகிச்சை பெற்றுக் கவசம் அணிய இயலாதவரை ஆட்டோவில் அழைத்து வருவதே நல்லது.

சற்றுத் தாமதமானால் நோயாளி காத்திருப்பார். துணைக்கு வருபவரே படுக்கையில் விழுந்தால், அவரை யார் கவனிப்பது?